குதிரையைக் குளிப்பாட்டும் முறை: அலசுவதை அவசரப்படுத்தாதீர்கள்

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குஜராத்தின் கத்தியவாரி இனப் பெண் குதிரை ஒன்றை வாங்கினேன். அதை முதன்முதலாகக் குளிப்பாட்டிய மூன்றாம் நாள், பிடரிமயிருக்கு அடியில் வெள்ளையாகச் செதில் உதிரத் தொடங்கியது. கம்பத்தில் கழுத்தை உரசி உரசி முடியைக் கொட்டிக்கொண்டது. படர்தாமரையோ என்று பயந்து கால்நடை மருத்துவரை அழைத்துவந்தேன். அவர் ஈரக்கையால் அந்த இடத்தைத் தேய்த்தார். விரலிடுக்கில் நுரை வந்தது. நான் சரியாக அலசாமல் விட்ட ஷாம்பு அது.

காற்று வீசாத, வெயில் ஏறிய காலை நேரம்தான் குளியலுக்கு ஏற்றது. ஈரமான சிமெண்ட் தரையில் லாடம் வழுக்கும். சரளையோ மணலோ பரப்பிய இடத்தில் கட்டுங்கள். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்கட்டும். காய்ந்த சேற்றையும் உதிர்முடியையும் ரப்பர் சீப்பால் வட்டவட்டமாகத் தேய்த்து முதலில் எடுத்துவிடுங்கள். நனைந்தபின் அந்தச் சேறு தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீரை முன்னங்குளம்பில் தொடங்குங்கள். அங்கிருந்து முழங்கால், தோள், முதுகு என்று மெல்ல ஏறுங்கள். எடுத்த எடுப்பில் இடுப்பில் பாய்ச்சினால் எந்தக் குதிரையும் துள்ளும். ஒரு கை எப்போதும் அதன் உடம்பில் இருக்கட்டும்; நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அதற்குத் தெரிய வேண்டும். வாலைக் கழுவும்போது பின்னால் போகாமல் தொடையை ஒட்டி நின்று, வாலை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.

ஷாம்பூவை நேராக உடம்பில் ஊற்றவே கூடாது. வாளித் தண்ணீரில் கரைத்து நுரைப்பஞ்சால் (ஸ்பாஞ்ச்) தேயுங்கள். துணி சோப்பும் பாத்திரம் துலக்கும் திரவமும் தோலின் எண்ணெயை உரித்துவிடும். சீயக்காய் நல்லதுதானே என்பார்கள். அதன் தூள் அடர்முடிக்குள் தங்கிவிடும், கண்ணில் பட்டால் எரியும் என்பதால் நான் பயன்படுத்துவதில்லை. முகத்துக்குக் குழாயே வேண்டாம். பிழிந்த ஈரத்துணி போதும். கத்தியவாரிக் குதிரையின் காதுகள் உள்நோக்கி வளைந்து நுனிகள் தொட்டுக்கொள்ளும். அதற்குள் ஒருமுறை தண்ணீர் போய்விட்டால் பிறகு தலையைத் தொடவே விடாது.

இனி அலசல். சோப்புப் போட்ட நேரத்தைப்போல் இரண்டு பங்கு நேரம் இதற்கு ஒதுக்குங்கள். நுரை கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்தியதுதான் நான் செய்த தவறு. பிடரியின் அடி, முன்னங்கால்களின் நடு, அடிவயிற்றின் நடுக்கோடு, பின்தொடைகளின் உள்பக்கம், வால்தண்டு ஆகிய ஐந்தும் ஷாம்பு ஒளியும் இடங்கள். அங்கெல்லாம் முடியை எதிர்த்திசையில் கையால் தள்ளித் தோல்வரை தண்ணீர் விடுங்கள். பிறகு கட்டைவிரலை அழுத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் இன்னும் ஷாம்பு இருக்கிறது. பிசுக்கில்லாமல் விரல் தடைபட வேண்டும்.

தண்ணீரை வழிக்க இரும்புத் தகட்டைவிட ரப்பர் விளிம்பு வைத்ததே எனக்குப் பிடித்தது. அதையும் எலும்பு துருத்தும் முழங்காலிலும் கீழ்க்காலிலும் இழுக்காதீர்கள், அங்கே துண்டுதான். குளம்புக்குச் சற்று மேலே, காலின் பின்புறம் ஒரு குழிவு இருக்கும். அதை ஈரமாக விட்டால் தோல் வெடித்துப் புண்ணாகும். குனிந்து, நான்கு கால்களிலும் ஒற்றியெடுங்கள். காயும்வரை நடத்துங்கள். பிறகு மணலில் புரண்டால் புரளட்டும். அது அதன் இயல்பு, ஈ அண்டாமலும் காக்கும்.

பிற்சேர்க்கை: ஓடிவந்த குதிரைமேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பிடிக்காது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் கடும் வெப்பத்தில் ஓடிய குதிரைகளைக் குளிர்ந்த நீராலேயே தணித்தார்கள். மூச்சு சீராகும்வரை விடாமல் ஊற்றுங்கள். ஷாம்பு அப்போது வேண்டாம்.

குழாயைக் கண்டாலே மிரளும் குதிரைக்கு, முதல் சில நாள் வாளியும் பஞ்சும் மட்டும் போதும். பக்கத்துத் தரையில் குழாய்த் தண்ணீர் மெல்ல ஓடட்டும். அது தானாகக் குனிந்து முகர்ந்து பார்த்த பிறகு குளம்பில் படவிடுங்கள்.