பட்டியலுக்குள் பட்டியல்: மேப், ஃபிளாட், ஃபிளாட்மேப்

ஜாவாஸ்கிரிப்ட் பழகுபவர்கள் மேப் வரை மளமளவென்று வந்துவிடுவார்கள். ஃபிளாட்மேப் என்றதும் ஒரு தயக்கம். விடையில் சதுர அடைப்புகள் எத்தனை அடுக்காக இருக்கின்றன என்று பார்க்கப் பழகினால் பாதித் தயக்கம் போய்விடும்.

படிக்க வசதியாக நிரல்களையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் தட்டும்போது மேப், ஸ்பிளிட் போன்ற பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: மேப்

[1, 2, 3].மேப்(எண் => எண் * 10)
விடை: [10, 20, 30]

அடைப்புக்குள் இருப்பது ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு மதிப்பை வாங்கி இன்னொன்றைத் திருப்பித் தரும் சிறு நிரல். மேப் அதைப் பட்டியலின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓட்டுகிறது. மூன்று உள்ளே போனால் மூன்று வெளியே வரும். பழைய பட்டியல் மாறாது. புதிதாக ஒன்று கிடைக்கும். அவ்வளவுதான்.

படி 2: சிக்கலை வரவழைப்போம்

சில வரிகளைத் தனித்தனிச் சொற்களாக்க வேண்டும். ஒரு வரியை இடைவெளி உள்ள இடங்களில் வெட்டித் தர ஸ்பிளிட் இருக்கிறது.

வரிகள் = ["மழை வந்தது", "குடை எங்கே"]
வரிகள்.மேப்(வரி => வரி.ஸ்பிளிட்(" "))
விடை: [["மழை", "வந்தது"], ["குடை", "எங்கே"]]

நாம் கேட்டது நான்கு சொற்கள். வந்திருப்பதோ இரண்டு பட்டியல்கள். ஸ்பிளிட் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பட்டியலைத் தருகிறது. மேப் அதைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே அடுக்கி வைக்கிறது. இரண்டு போனது, இரண்டு வந்தது. மேப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

படி 3: ஃபிளாட்

அந்த விடையின் பின்னால் .ஃபிளாட்() சேர்த்தால் உள் அடைப்புகள் உதிர்ந்து ["மழை", "வந்தது", "குடை", "எங்கே"] கிடைக்கும். ஆனால் அடைப்புக்குள் எண் எதுவும் தராவிட்டால் ஒரு அடுக்குதான் உதிரும்:

[1, [2, [3]]].ஃபிளாட்()
விடை: [1, 2, [3]]

ஃபிளாட்(2) என்றால் இரண்டு அடுக்கு. எண்ணுக்குப் பதில் இன்ஃபினிட்டி (முடிவிலி) கொடுத்தால் மொத்தமும் தட்டையாகும். எத்தனை அடுக்கு என்றே தெரியாமல் அதைப் போடத் தோன்றினால், முதலில் தரவை ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள்.

இதற்கு முதலில் வைக்க நினைத்த பெயர் 'ஃபிளாட்டன்'. மூடூல்ஸ் என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு அதே பெயரை ஏற்கெனவே பயன்படுத்தி வந்ததால், பழைய தளங்கள் உடையுமே என்று 2018இல் பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் 'ஃபிளாட்' என்று சுருக்கி ஜாவாஸ்கிரிப்டின் 2019 பதிப்பில் சேர்த்தார்கள்.

படி 4: ஃபிளாட்மேப்

வரிகள்.ஃபிளாட்மேப்(வரி => வரி.ஸ்பிளிட்(" "))

படி 2, படி 3 இரண்டும் ஒரே அடியில் முடிந்தன. பெயரில் ஃபிளாட் முன்னால் நின்றாலும் நடப்பது தலைகீழ்: முதலில் மேப், அப்புறம் ஒரு அடுக்கு ஃபிளாட்.

எதை எப்போது போடுவது? நீங்கள் எழுதும் ஃபங்ஷன் எதைத் திருப்பித் தருகிறது என்று பாருங்கள். ஒற்றை மதிப்பு என்றால் மேப் போதும். பட்டியல் வந்து, அது கலைந்து ஒன்றாகச் சேர வேண்டுமென்றால் ஃபிளாட்மேப்.

படி 5: வெற்று வரி

இந்த இடத்தில் நானும் அரை நாள் முழித்திருக்கிறேன். வரிகளுக்கு நடுவே "" என்று ஒரு வெற்று வரி இருந்தால், அதை இடைவெளியால் ஸ்பிளிட் செய்யும்போது வருவது [] என்று நினைப்போம். வருவது [""]. உள்ளே ஒரு வெற்றுச் சொல் ஒளிந்திருக்கும். சொற்களை எண்ணினால் ஒன்று கூடுதலாக வரும்.

வரிகள்.ஃபிளாட்மேப்(வரி => வரி === "" ? [] : வரி.ஸ்பிளிட்(" "))

காலிப் பட்டியலைத் தந்தால் தட்டையாக்கும்போது அது தடமில்லாமல் மறைந்துவிடும். ஆக, வேண்டாததைக் கழிக்கும் வேலையையும் ஃபிளாட்மேப்பே பார்த்துக்கொள்கிறது. மேப்பால் இது முடியாது.

மற்ற மொழிகளிலும் இதே சரக்குதான். சி ஷார்ப்பில் செலக்ட்மெனி, ஹாஸ்கெலில் கான்கேட்மேப். ஜாவா 8இன் ஸ்ட்ரீமில் (உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தரும் ஓடை) பெயர் மாறவில்லை, ஆனால் ஃபங்ஷன் பட்டியலுக்குப் பதில் ஸ்ட்ரீமைத் தர வேண்டும். பைத்தானில் ஒரே வரியில் இரண்டு ஃபார் (உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் கட்டளை) எழுதிவிடுவார்கள். அங்கே ஸ்பிளிட்டின் அடைப்புக்குள் எதுவும் தராமல் விட்டால் வெற்று வரிக்கு [] தான் வரும், படி 5இன் தொல்லையே இல்லை.