பிள்ளையின் எடையைக் குறைக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

விடுமுறைக்கு ஹாஸ்டலிலிருந்து வரும் பிள்ளையிடம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்னடி, இப்படி உப்பிப் போயிட்ட?" கேட்ட கையோடு அவள் தோசையில் நெய்யை ஊற்றுபவரும் பெரும்பாலும் அதே அத்தைதான்.

தவறு இந்தப் பேச்சில்தான் தொடங்குகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. டயட் இருப்பது, வீட்டில் ஓயாமல் எடையைப் பற்றிப் பேசுவது, கேலி செய்வது ஆகியவை வளரிளம் பருவத்தினரிடம் உடல் பருமனையும் கூட்டலாம், உண்ணும் பழக்கத்தில் மனநோயாகவே மாறும் கோளாறுகளையும் கொண்டுவரலாம் என்றது. குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பரிந்துரைத்தது. "நல்லதுக்குத்தானே சொல்றோம்" என்போம். கிண்டல் பட்ட பிள்ளை சாப்பாட்டைக் குறைப்பதில்லை, நாலு பேர் முன்னால் சாப்பிடுவதைக் குறைத்துக்கொள்கிறது. பிஸ்கட் பாக்கெட் அறைக்குள் போய்விடும்.

அடுத்தது, ஒரு பிள்ளைக்கு மட்டும் பத்தியம். தம்பிக்கு சிப்ஸ், அக்காவுக்கு வெள்ளரிக்காய் என்றால் அது தண்டனை. வீட்டுக்கே ஒரே சமையல் என்று வைத்துவிட்டு, சிப்ஸை வாங்காமலே விட்டால் சண்டைக்கு இடமில்லை.

வேளைச் சாப்பாட்டை விடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இளசுகளுக்குத் தெரிந்த ஒரே 'டயட்' அதுதான். ஒன்பது மணி வகுப்புக்கு எட்டரைக்கு எழுந்தாயிற்று, மெஸ்ஸில் இட்லி இருந்தும் போகவில்லை. பதினோரு மணி இடைவேளையில் பசி தாங்காமல் கேன்டீனில் ஒரு பப்ஸ், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. மதியம் போனால் பொரியல் தீர்ந்து, சோறும் சாம்பாரும் அப்பளமும்தான் மிச்சம். இரவு மெஸ்ஸைத் தவிர்த்துவிட்டு 'இன்னிக்குக் கம்மியா சாப்பிட்டேன்' என்ற திருப்தியோடு படிக்க உட்கார்ந்தால், பதினொன்றரைக்கு அறைத் தோழர்கள் ஆர்டர் போட்ட ஃப்ரைட் ரைஸ் வந்து சேரும். காலையில் நாலு இட்லி சாப்பிட்டிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே இரும்புச்சத்து இல்லாத உடம்பைப் பட்டினி போட்டால் தலைசுற்றலும் களைப்பும்தான் மிஞ்சும்.

சோற்றை வில்லனாக்குவதும் அப்படித்தான். "ராத்திரி சப்பாத்திக்கு மாறிட்டேன்" என்று எண்ணெய் மிதக்கும் குருமாவோடு ஐந்து சப்பாத்தி சாப்பிடுவதில் என்ன லாபம்? சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் காய், சுண்டல், முட்டை வைத்தால் போதும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. வயிறும் சீக்கிரம் காலியாகாது.

தட்டைக் கண்காணிக்கும் வீடுகள் டம்ளரைக் கவனிப்பதில்லை. 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறேழு தேக்கரண்டி. உயரமாக வளர்வான் என்று பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களிலும் சர்க்கரை தாராளம். இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் விற்கக் கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகமே 2024 ஏப்ரலில் சொல்லிவிட்டது.

பதினைந்து வயதுப் பிள்ளையைப் பெரியவர்களின் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் குறியீடு) அட்டவணையில் வைத்து அளக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே வயதையும் பாலினத்தையும் பொறுத்துத் தனி வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. வளரும் பிள்ளைகளில் பலருக்கு எடை குறையக்கூட வேண்டாம். ஏறாமல் நின்றாலே உயரம் கூடக்கூடச் சரியாகிவிடும். தினமும் காலையில் எடைக்கருவியில் ஏற்றி நிறுத்துவதை விட, இரவு போனை வாங்கி வைத்து 8 மணி நேரம் தூங்க விடுவது பயன் தரும். ஃபேட் பர்னர் மாத்திரை, டீடாக்ஸ் பொடி, இன்ஸ்டாவில் பார்த்த ஏழு நாள் டயட் எதுவும் வேண்டவே வேண்டாம்.

மாதவிடாய் நின்றுபோவது, மயக்கம், சாப்பிட்ட உடனே பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது, சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்வது, திடீரென எடை சரிவது ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். காரணமில்லாமல் எடை ஏறினாலும் தைராய்டு கோளாறோ, பிசிஓஎஸ் என்னும் சினைப்பை-ஹார்மோன் கோளாறோ இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். அங்கே பிள்ளையைக் கேட்கும் கேள்விக்கெல்லாம் நீங்கள் பதில் சொல்லாமல், கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்து அவர்களைத் தனியாகப் பேச விடுங்கள்.