மணமில்லை என்று முடிவு கட்டும் முன்

சுங்கை பூலோ நாற்றுப்பண்ணை ஒன்றில் போன ஆண்டு வெள்ளைப் பெட்டூனியா வாங்கினேன். வாசம் வரும் என்று சொல்லித்தான் விற்றார்கள். கோலாலம்பூரில் எங்கள் அடுக்குமாடி பால்கனியில் வைத்து, காலை பத்து மணிக்கு முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. மூன்றாம் நாள் விற்றவரிடம் போய்ச் சண்டை போடாத குறைதான். அன்றிரவு காயப்போட்ட துணியை எடுக்கப் போனபோது இருட்டில் இனிப்பாக ஏதோ கமழ்ந்தது. திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது.

முதல் தவறு இதுதான்: கண்ட நேரத்தில் முகர்ந்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவது. பெட்டூனியாவின் உடல் கடிகாரத்தில் எல்எச்ஒய் என்றொரு மரபணு உண்டு. விடியற்காலையில் அதன் கை ஓங்கியிருக்கும். மண வேலையை முடுக்கும் ஓடிஓ1 மரபணுவை அது அடக்கி வைக்கும். பொழுது சாயச் சாய அதன் பிடி தளரும், மணம் கிளம்பும். இரவில் வரும் அந்துப்பூச்சிக்காகத்தான் இந்த ஏற்பாடு. அதற்காக எல்லாப் பூவும் இரவில்தான் மணக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மலேசிய ஆய்வாளர்கள் மண மரபணுக்களுக்காகவே ஆராய்ந்த வாண்டா மிமி பால்மர் ஆர்க்கிட் பகலில் மணப்பது.

"மணத்துக்கான மரபணு" என்று ஒருமையில் பேசுவது அடுத்த தவறு. மணம் என்பது பல வேதிப்பொருள்களின் கலவை. ஒவ்வொன்றையும் செய்ய நொதிகள் வேண்டும், ஒவ்வொரு நொதிக்கும் மரபணு வேண்டும். 2005இல் பெட்டூனியாவில் அடையாளம் கண்ட ஓடிஓ1, பழைய ரப்பர்த் தோட்டத்துக் கங்காணியைப் போன்றது. தானாகப் பால் வெட்டாது, ஆள்களை வேலைக்குக் கிளப்பும். அதை முடக்கினால் பூவின் நிறம் அப்படியே இருக்கும். மணம் மட்டும் வெகுவாகக் குறையும்.

மரபணுவைப் புகுத்திவிட்டால் மணம் வந்துவிடும் என்பது ஆசை. கிளார்க்கியா என்ற காட்டுப்பூவிலிருந்து லினலூல் என்ற மணப்பொருளைச் செய்யும் மரபணுவை எடுத்துப் பெட்டூனியாவில் சேர்த்துப் பார்த்தார்கள். லினலூல் உண்டானது. ஆனால் செடி அதன்மேல் ஒரு சர்க்கரை மூலக்கூற்றை ஒட்டிவிட்டது. கனம் கூடிய அந்தப் பொருளால் காற்றில் பறக்க முடியவில்லை. சமைத்த குழம்பை மூடி வைத்த கதை! கார்னேஷனில் அதே மரபணு சேர்ந்தபோது லினலூல் வெளியே வந்தது, மனித மூக்குக்குத்தான் வித்தியாசம் தெரியவில்லை. உண்டான மணம் செல்லை விட்டு வெளியேறவும் வழி வேண்டும். பெட்டூனியாவில் அதைச் சுமந்து வெளியே தள்ளும் புரதம் ஒன்று இருப்பதை 2017இல் காட்டினார்கள். அதைக் குறைத்தால் மணப்பொருள் உள்ளேயே தேங்கி, செல்லின் சவ்வையே கெடுக்கிறது.

"நிறத்துக்காக மணத்தை விற்றுவிட்டார்கள்" என்று ரோஜாவைப் பற்றிச் சொல்வது எனக்கும் பழக்கம். பாதி உண்மைதான். பப்பா மெய்லாந், ரூஜ் மெய்லாந் இரண்டும் சிவப்பு ரோஜாக்கள். முன்னது கமகமக்கும், பின்னதில் மணமே இல்லை. இரண்டையும் ஒப்பிட்டபோது, ஜெரானியால் என்ற மணப்பொருளுக்கு வழி செய்யும் நுடிக்ஸ்1 என்ற மரபணு முன்னதில் மும்முரமாக வேலை செய்வதும் பின்னதில் மிகவும் மந்தமாக இருப்பதும் 2015இல் வெளியானது. நிறத்தில் குறையில்லாத பூவும் மணக்கலாம் என்பதற்கு முன்னதே சாட்சி. கார்னேஷனில் நிறமியைத் தடுத்தபோது மணம் கூடியது. பெட்டூனியாவில் நிறமியைக் கூட்டும் மரபணு ஒன்றைச் சேர்த்தபோது மணமும் சேர்ந்தே கூடியது. ஒரே விதியை எல்லாச் செடிக்கும் மாட்ட முடியாது.

மகரந்தச் சேர்க்கை முடிந்த பெட்டூனியாவும் மணத்தைக் குறைத்துக்கொள்ளும். வந்த வேலை முடிந்துவிட்டதே.

நம் ஊருக்கென்று ஒரு தவறு உண்டு: வெயிலைக் கணக்கில் எடுக்காதது. 22 டிகிரியில் வளர்ந்த பெட்டூனியாவைவிட 28 டிகிரியில் வளர்ந்தது குறைவாகவே மணக்கிறது. மண மரபணுக்களின் வேலையே சூட்டில் தளர்கிறது. கோலாலம்பூரில் 28 என்பது சாதாரண நாள். குளிரான கேமரன் மலையில் மணத்த செடியை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டு விற்றவரைத் திட்டிப் பயனில்லை.

என் பெட்டூனியா இரண்டு மாதம் தாங்கியது. அந்தத் தொட்டியில் இப்போது குண்டுமல்லி. மாலையில் மொட்டு விரியும் வரை நான் அதன் பக்கம் போவதில்லை.