தமிழ்நாட்டில் நிலக்காட்சி எடுக்கப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

ஜூலை மாதம் ஊட்டிக்குப் போய், வாடகைக் கார்க்காரர் காட்டிய வியூ பாயின்ட்டில் எல்லாம் வெள்ளைப் பனியை மட்டும் எடுத்துவிட்டு "லைட்டே கிடைக்கலை" என்று திரும்பி வருகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். அடுத்து அவர்கள் செய்கிற வேலை, புது லென்ஸ் விலை விசாரிப்பது. பிரச்சினை லென்ஸில் இல்லை. அதே நாளில் அதே மாவட்டத்தில், மலைக்கு வடக்கே கீழே இருக்கும் மசினகுடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

காரணம் ரொம்ப எளிது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் ஈரத்தோடு வந்து நீலகிரியின் மேற்கு விளிம்பில் மோதி மேலே ஏறுகிறது, ஏறும்போது குளிர்ந்து கூடலூர், தேவாலா, அவலாஞ்சி, மேல்பவானி என்று கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைக்கிற மழையில் பாதிக்கும் மேல் அது. மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் மிச்சமில்லை, அதனால்தான் மசினகுடி இருக்கும் சிகூர் பீடபூமி முள்மரமும் புதருமாகக் கிடக்கிறது. அக்டோபர் வந்ததும் கதை மாறும். வடகிழக்குக் காற்று வங்கக்கடலிலிருந்து வருகிறது, இப்போது குன்னூரும் கோத்தகிரியும் நனையும். ஆக "நீலகிரிக்கு எந்த மாசம் போகலாம்?" என்ற கேள்வியே அரைகுறைக் கேள்வி. நீலகிரியில் எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

இதையே சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். ஜூன், ஜூலையில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேகம் இந்தப் பக்கம் வழிந்து குற்றாலத்தில் சாரலாக விழும்போது, கொஞ்சம் கிழக்கே தள்ளிப்போனால் வயலில் வெயில் அடிக்கும். காலை நேரத்தில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் கிழக்கே, மழை உங்களுக்கு எதிரே மேற்கு மலையில். வானவில் எங்கே வரும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தில் அருவிக்கரைக் கூட்டத்தில் நின்று கேமராவைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது, எனக்குக் கொஞ்சம் எரிச்சல் தருகிற விஷயம்: வெளிநாட்டு யூடியூப் பாடங்களை அப்படியே இங்கே கொண்டுவருவது. "கோல்டன் ஹவர்" (உதயத்தையும் அஸ்தமனத்தையும் ஒட்டி வரும் பொன்னிற வெளிச்ச நேரம்) என்று கேட்டுப் பழகி, உண்மையிலேயே ஒரு மணி நேரம் இருக்கும் என்று நம்பி, சூரிய உதயத்துக்குப் பத்து நிமிடம் கழித்து நிதானமாக டிரைபாடை விரிக்கிறார்கள். ஜூன் மாத லண்டனில் சூரியன் சாய்வாக, மெதுவாகத்தான் ஏறும். அந்த வெளிச்சம் இருக்கும் 6 பாகை உயரம் வரை அடிவானத்திலிருந்து ஏறவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாம் இருப்பது 8 முதல் 13½ பாகை வடக்கு அட்சரேகைக்குள். இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழுந்துவிடும், அதே 6 பாகைக்கு 25 நிமிடம் சொச்சம்தான். சாயங்காலமும் அப்படித்தான், படக்கென்று விழுந்துவிடும். அதனால் எங்கே நிற்க வேண்டும், முன்னால் எந்தப் பாறை வர வேண்டும் என்பதையெல்லாம் முந்தின நாளே பார்த்து வைத்துவிட்டு, இருட்டு விலகும் முன்பே போய் நின்றுவிட வேண்டும்.

சூரியன் எந்தத் திசையில் மறையும் என்பதையும் பார்க்காமல் போகிறார்கள். கன்னியாகுமரியில் உதயமும் அஸ்தமனமும் கடலில் பார்க்கலாம் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உதயத்துக்குப் பிரச்சினையில்லை. அஸ்தமனம் அப்படியல்ல. அந்த முனையிலிருந்து கடற்கரை மேற்கே போகப்போக வடக்கு நோக்கிச் சாய்கிறது; கோடையில் சூரியனும் மேற்கிலிருந்து வடக்கே தள்ளித்தான் மறைகிறது, ஆக இரண்டும் ஒன்றாகி, சூரியன் நிலத்துக்குப் பின்னால் போய்விடும். கடலுக்குள் முழுசாக இறங்கும் அஸ்தமனம் வேண்டுமென்றால் அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை போங்கள். மே மாத விடுமுறையில் போய் ஏமாந்து வருகிற கூட்டம் ஒவ்வொரு வருடமும் உண்டு.

நடுப்பகல் பற்றியும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. உச்சி வெயிலில் படமே எடுக்கக் கூடாது என்பது பாதி உண்மை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும், அதைத்தான் நிழலில்லா நாள் என்கிறோம். இடைப்பட்ட மாதங்களில் மதியச் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். அப்போது டிசம்பரில் நிழலில் கிடக்கும் வடக்குச் சரிவுகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. போலரைசர் ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டி வான நீலத்தை அழுத்தமாக்கும் கண்ணாடி) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபம். அது வேலை செய்வது சூரியனிலிருந்து 90 பாகை தள்ளி இருக்கும் வானப் பட்டையில்தான். காலையில் அந்தப் பட்டை வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்கு வரை நிற்கும், அகலமான காட்சியை அடக்கும் வைடு லென்ஸில் எடுத்தால் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கரும்பட்டை விழுந்து அசிங்கமாக இருக்கும். சூரியன் உச்சியில் இருக்கும்போது அதே பட்டை அடிவானத்தை ஒட்டிச் சுற்றிலும் படுத்துவிடுகிறது, நீலம் சீராக இறங்கும்.

தேரிக்காட்டுக்கு வருவோம். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் குதிரைமொழி, சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் இருக்கும் செம்மணல் மேடுகள். அந்தச் சிவப்பு, மணல் துகள்மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடு. இங்கே போய் கேமராவை ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் (வெளிச்சத்தின் நிறத்தைக் கேமராவே கணித்துச் சரிசெய்யும் வசதி) விட்டீர்கள் என்றால் முடிந்தது கதை: ஃபிரேம் முழுக்கச் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, ஏதோ மஞ்சள் பல்ப் வெளிச்சம் போலிருக்கிறது என்று நினைத்து கேமரா நீலத்தைக் கூட்டிவிடும், மணல் மக்கிய பழுப்பாகவும் வானம் ஒருமாதிரி பச்சை நீலமாகவும் வந்து நிற்கும். டேலைட், அல்லது 5200 முதல் 5500 கெல்வின் என்று நீங்களே வையுங்கள், ரா ஃபைலில் (கேமரா சுருக்காமல் பதிவு செய்யும் மூலக் கோப்பு) எடுங்கள். வீட்டுக்கு வந்து சாச்சுரேஷனை, அதாவது நிற அழுத்தத்தை, இழுத்துச் செவ்வாய்க் கிரகம் ஆக்குவது இதற்கு நேர் எதிரான தவறு. படத்தின் சிவப்பு நிறப் பதிவு (சேனல்) மட்டும் அளவு மீறி வெடித்துப்போய் மணலின் வரிகளே காணாமல் போகும், மொத்த ஹிஸ்டோகிராமை (வெளிச்சம் எவ்வளவு பதிவானது என்று கேமரா காட்டும் வரைபடம்) பார்த்தால் இது தெரியாது, மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். ஒரு மழை பெய்து மணல் நனைந்திருக்கும் காலையில் போனால் எந்த ஸ்லைடரும் தேவைப்படாது. பக்கத்திலேயே மணப்பாட்டுக் கடற்கரையின் வெளிர் மணல் இருக்கிறது, இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் ஒரே செட்டிங்கில் எடுத்து வைத்துக்கொண்டால் இந்த நிலத்தின் விசித்திரம் தானாக விளங்கும். ஆடிக்காற்று நேரத்தில் அங்கே லென்ஸ் மட்டும் மாற்றாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வரும் காற்று சும்மா விடாது.

வைடு லென்ஸ் மோகம் தனி வியாதி. மலையைப் பார்த்ததும் 16 மி.மீ.யை மாட்டி, எல்லாவற்றையும் அடக்கி, கடைசியில் மலையை எறும்புப் புற்று அளவுக்குச் சுருக்கிக் கொண்டுவருவார்கள். செஞ்சியைச் சாலையோரத்திலிருந்து அப்படித்தான் எடுக்கிறார்கள். அங்கே பார்க்க வேண்டியதே அந்த உருண்டைப் பாறைகள். யாரும் உருட்டிக் கொண்டுவந்து அடுக்கியவை அல்ல, இருந்த இடத்திலேயே உருவானவை. கருங்கல்லில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல், அதில் இறங்கிய தண்ணீர் மூலைகளை முதலில் அரித்துவிடும், ஏனென்றால் மூலைக்கு மூன்று பக்கத்திலிருந்தும் அடி விழுகிறது. சதுரக் கட்டி உருண்டையாகி, சுற்றியிருந்த மக்கிய மண் மழையில் கழுவிப்போனதும் பாறை வெளியே தெரிகிறது. இது புரிந்தால் 70-200 மி.மீ. போன்ற, தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸோடு தள்ளி நின்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு குவியலை மட்டும் எடுக்கத் தோன்றும்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தை எல்லாரும் எடுக்கிறார்கள், கடலை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. ஒரு பக்கம் பாக் விரிகுடா, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்று மாதங்களில் மன்னார் பக்கம் கொந்தளிக்க, பாக் பக்கம் குளம்போலக் கிடக்கும். வடகிழக்குக் காற்று வந்தால் பாக் பக்கமும் சீறும். அந்த வேறுபாடுதான் வேண்டும் என்றால் ஜூன், ஜூலை. அப்புறம், ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் படிகிற ஆவியைத் துடைக்காதீர்கள், அது மறுபடியும் படியும். கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள்.

கடைசியாகப் படத்துக்குக் கீழே எழுதுகிற வரி. ஊட்டி பைன் மரத்தோப்பை எடுத்து "இயற்கையின் மடி" என்று போடுகிறார்கள், அது நட்டு வளர்த்த தோப்பு. தேயிலைச் சரிவும் அப்படித்தான், தைல மரமும் வாட்டில் என்ற வெளிநாட்டு மரமும் அப்படித்தான். நீலகிரியின் பழைய நிலம் என்றால் மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் குட்டையான சோலைக்காடு. புல்வெளியை வெறும் காலி இடம் என்று நினைத்து மரம் நட்டதில்தான் பெரும்பகுதி போனது, இப்போது படம் எடுக்கிறவர்களும் அதை வெறும் முன்புறமாகவே பயன்படுத்துகிறார்கள். நீலக்குறிஞ்சி விஷயத்திலும் கவனம் வேண்டும். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006, 2018 போய் அடுத்த பெரிய பூப்பு 2030இல். நடுவில் யாராவது "பூத்துவிட்டது" என்று படம் போட்டால், அது குறிஞ்சியின் வேறொரு இனமாகவோ, எங்கோ முன்பின்னாகப் பூத்த சில செடிகளாகவோ இருக்கும். அதை நம்பி வண்டியை எடுக்கும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் போகவும் ட்ரோன் விடவும் எப்படியும் அவர்களிடம் அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.