டெல்டா மணலில் காட்டுப்பூ தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

காவிரி டெல்டா என்றதும் வண்டலும் வயலும்தான் நினைவுக்கு வரும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்து மணல்மேடுகள் வேறு மாதிரி. பெய்த மழை தங்காமல் கீழே இறங்கிவிடும், மேலே உப்புக்காற்று. பாலைவனச் செடிகளைப் போல இங்குள்ளவையும் சிக்கனமாகவே வாழ்கின்றன. பூப்பதற்கும் காலம், நேரம் பார்க்கும்.

நேரம் தவறிப் போவதுதான் பலரும் செய்வது. மணலில் படரும் அடும்புக் கொடியின் பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். மதியம் போனால் சுருங்கிய ஊதாத் துணுக்குகள்தான் மிஞ்சும். எட்டு, ஒன்பது மணிக்கே அங்கு இருக்க வேண்டும். செங்காந்தளுக்கு ஐப்பசி, கார்த்திகை. மழை ஓய்ந்த பிறகு தும்பை. எருக்கு கோடையிலும் பூக்கும்.

அடுத்தது நெருஞ்சிக் குழப்பம். மஞ்சளாகப் பூத்து, முள்காய் வைத்தால் எல்லாம் ஒரே நெருஞ்சி என்று பறித்துவிடுகிறார்கள். சிறுநெருஞ்சி தரையோடு படரும். புளிய இலை மாதிரி சிற்றிலைகள், ஐந்து இதழும் தனித்தனியாக விரிந்த பூ. காய் முற்றினால் ஐந்து முள் துண்டுகளாக உடையும். ஆனைநெருஞ்சி இலை சதைப்பற்றானது, ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். பூ குழல் வடிவம், காயில் நான்கு முள். அப்போதும் சந்தேகமா? ஒரு கொப்பை உடைத்து ஒரு டம்ளர் தண்ணீரில் சில நிமிடம் கலக்குங்கள். தண்ணீர் வழவழவென்று கெட்டியானால் ஆனைநெருஞ்சி. இரண்டும் வேறு வேறு குடும்பம். மருந்துக்கு ஒன்றை மற்றொன்றாக எடுக்கவே கூடாது.

செங்காந்தள் கிழங்கைத் தோண்டி வீட்டுக்குக் கொண்டுபோவது ஆபத்து. செடி முழுவதும் கோல்சிசின் என்ற நஞ்சு உண்டு. கிழங்கு தின்றால் உயிருக்கே ஆபத்து. கலப்பைபோல் இரண்டாகக் கவைத்திருக்கும் கிழங்கைச் சமையல் கிழங்குகளோடு ஒருபோதும் வைக்காதீர்கள். தொட நேர்ந்தால் கையுறை போடுங்கள், அதை வைப்பதற்குக் குழந்தைகளும் ஆடுமாடும் நெருங்காத இடமாகப் பாருங்கள்.

அடும்பைப் பிடுங்கி வயல் களிமண்ணில் நடுவதும் வீண்தான், நீர் தேங்கி வேர் அழுகிவிடும். அதைவிடக் கேடு, அது பிடித்திருந்த மணல் காற்றில் பறக்கத் தொடங்குவது. கொடியின் ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கித்தான் மேடு நிற்கிறது. கோடியக்கரை சரணாலயத்துக்குள் எதையும் பறிக்க அனுமதியில்லை.

அடும்பை வளர்த்தே ஆக வேண்டுமென்றால், சரணாலயத்துக்கு வெளியே காய்ந்த காயிலிருந்து விதை எடுங்கள். ஒரு காயில் நான்கு விதை, மேலே பழுப்பு ரோமம். தோல் கடினம் என்பதால் அப்படியே புதைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். காம்புத் தழும்பு இல்லாத பக்கத்தை உப்புத்தாளில் உள்நிறம் லேசாகத் தெரியும்வரை தேய்த்து, ஓர் இரவு ஊறவையுங்கள். ஊறி உப்பிய விதைகளை மட்டும் ஆற்றுமணலில் விரல்கணு ஆழத்தில் ஊன்றி, நல்ல வெயிலில் வையுங்கள். மேல்மணல் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர்.