கலுங்கு மட்டம் வேறு, வெள்ள மட்டம் வேறு: ஊர் வெள்ள எல்லை வரைவோர் செய்யும் தவறுகள்

ஐப்பசி நெருங்கினால் காரைக்குடி, தேவகோட்டை வட்டார ஊராட்சிகளில் வெள்ள எல்லை குறிக்கப் புது ஆட்கள் இறங்குகிறார்கள். அளவுநாடாவை மறந்து வருவது, சர்வே எண்ணை மாற்றி எழுதுவது எல்லாம் தானே சரியாகிவிடும். வரைபடத்தை ஒட்டி, மழையும் வந்த பிறகே தெரியும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

கலுங்கு உச்சியோடு எல்லைக் கோட்டை நிறுத்துவது

எத்தனை முறை சொன்னாலும் இது ஓயவில்லை. கலுங்கின் (கண்மாய் நிரம்பியதும் மிச்ச நீர் வழிந்தோடும் கல்கட்டு) உச்சி மட்டத்தை எடுத்து, அதே மட்டத்தில் கண்மாயைச் சுற்றி ஒரு கோடு போட்டு ‘வெள்ள எல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். கண்மாய் நிறைவது அந்த மட்டத்தில்தான். ஆனால் மறுகால் (வழிந்தோடும் மிச்ச நீர்) பாய வேண்டுமானால் தண்ணீர் அதற்கு மேலே ஏறியாக வேண்டும்.

கணக்கு எளிது. கலுங்கின் நீளம், அதன் மேல் ஓடும் நீரின் உயரத்தின் ஒன்றரை அடுக்கு, 1.7 ஆகிய மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கனமீட்டர் என்று கிடைக்கும். 20 மீட்டர் கலுங்கின் மேல் 60 செ.மீ. ஓடினால் ஏறத்தாழ 16 கனமீட்டர். அந்த 60 செ.மீ. கரைப் பக்கம் ஒன்றும் செய்யாது. உள்வாய்ப் பக்கம், அதாவது கரைக்கு எதிரே தண்ணீர் பரவி நிற்கும் பக்கம்தான் வினை. அங்கே தரை 300 மீட்டருக்கு 1 மீட்டர் சரிந்தால், தண்ணீர் கூடுதலாக 180 மீட்டர் உள்ளே வரும். புது வீட்டுமனைக் கற்கள் நடப்படுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

உச்சியை அளக்கும்போது அதன் மேல் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். உச்சியில் நட்டிருக்கும் குத்துக்கற்களுக்கு இடையே மண்ணும் புல்லும் அடைத்திருப்பார்கள், அல்லது மணல் மூட்டை அடுக்கியிருப்பார்கள். மீன் குத்தகைக்காரர் மீன் தப்பாமலிருக்க வலை கட்டியிருப்பார். முதல் வெள்ளத்திலேயே அதில் செத்தை அடைத்துக்கொள்ளும். அடைப்பு 30 செ.மீ. என்றால் அந்த 30-க்கு மேல்தான் 60.

ஆகவே கலுங்கின் பக்கச்சுவரில் பழைய நீர்க்கறையைத் தேடுங்கள். அதையும் நீர்வளத் துறைப் பதிவில் உள்ள உச்ச நீர்மட்டத்தையும் ஒப்பிட்டு, உயர்ந்ததை எடுங்கள். ஆட்டோ லெவலிலோ (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) கொத்தனாரின் டியூப் லெவலிலோ (தண்ணீர் நிரப்பிய குழாய்) அந்த மட்டத்தை உள்வாயைச் சுற்றிக் கொண்டுபோய், 50 மீட்டருக்கு ஒரு முளை அடியுங்கள். டியூபில் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய். கலுங்குக்குக் கீழே மறுகால் ஓடையை அடுத்த கண்மாய் வரை தனியாகக் குறிக்க வேண்டும்.

“வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?”

இங்கே கேட்கக் கூடாத கேள்வி இது. நகரத்தார் வீடுகள் தெருவிலிருந்து படியேறிப் போகும் உயர்ந்த அடித்தளத்தில் நிற்பவை. தெருவில் இடுப்பளவு ஓடியிருந்தாலும் “வரலையே” என்றுதான் பதில் வரும். “எந்தப் படி வரைக்கும் ஆச்சி?” என்று கேட்டு, கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். எந்த வருஷம், அதன் பிறகு ரோட்டை உயர்த்தினார்களா என்பதையும் எழுதுங்கள். இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்பது நல்லது.

விண்வெளியிலிருந்து எடுத்த உயரப்படத்தை நம்புவது

பலரும் இலவசமாக இறக்கும் படம் 2000 பிப்ரவரியில் ரேடாரால் எடுத்தது. ஒரு கட்டம் 30 மீட்டர். உயரப் பிழை மீட்டர் கணக்கில். சீமைக்கருவேல் காட்டின் உயரமும் தரை உயரத்தோடு சேர்ந்துவிடும். தண்ணீர் எந்தப் பக்கம் சரியும் என்று தோராயமாகப் பார்க்கலாம், எல்லை போட ஆகாது.

ஜிபிஎஸ் உயரம்

தேவகோட்டையில் நின்றால் சில கருவிகள் மைனஸ் காட்டும். கருவி கெடவில்லை, கடல்மட்டத்திலிருந்து அளக்காமல், பூமியின் வடிவத்துக்கு ஈடாகக் கணக்கில் வைத்த நீள்கோளத்திலிருந்து அளக்கிறது. நம் பகுதியில் கடல்மட்டம் அதற்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே. சர்வே ஆஃப் இந்தியா மட்டக்கல்லோடு (கடல்மட்டத்திலிருந்து உயரம் அளந்து நட்ட கல்) இணைக்காத உயரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

புலப்பட எல்லையையே வெள்ள எல்லையாக்குவது

வேண்டாம். புலப்படம் நிலத்தின் சர்வே எல்லையைக் காட்டும், தண்ணீர் ஏறும் மட்டத்தைக் காட்டாது.

குழாய்ப் பாலங்களை விட்டுவிடுவது

ரோட்டுக்கு அடியில் போகும் 900 மி.மீ. குழாய் ஒன்று விநாடிக்கு ஒன்று, ஒன்றரை கனமீட்டர் கடத்தும். மேலே சொன்ன கலுங்கு தள்ளுவது 16. மிச்சம் ரோட்டு மேட்டுக்குப் பின்னால் தேங்கி, ரோட்டின் தாழ்ந்த இடம் தேடி ஏறிக் கடக்கும். அந்தத் தாழ்ந்த இடத்தின் மட்டம்தான் மேல்பக்கத் தெருவுக்கு வெள்ள எல்லை. குழாயின் விட்டம், அடிமட்டம், எவ்வளவு மண் மூடியிருக்கிறது என்ற மூன்றையும் படத்தில் எழுதி, அக்டோபர் 2 கிராமசபைக்கு முன் முடித்துவிடுங்கள். தூர்வாரச் சொல்லித் தீர்மானம் போட்டால், பருவமழைக்கு முன் வேலை நடக்க இரண்டு மூன்று வாரமாவது மிஞ்சும்.