பிபிபி கடன்: தொகையைக் கணக்கிடுவதும் தள்ளுபடி பெறுவதும்

கொரோனாவால் வருமானம் இழந்த சிறு நிறுவனங்கள் ஆட்களை நிறுத்திவிடாமல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதற்காக அமெரிக்க அரசு 2020 மார்ச்சில் கொண்டுவந்த ஊதியப் பாதுகாப்புத் திட்டம், அதாவது பிபிபி, 2021 ஜனவரியில் மீண்டும் தொடங்கப்பட்டு, அதே ஆண்டு மே 31இல் முடிந்துவிட்டது; இங்கே சொல்பவை அப்போது இருந்த விதிகள். இதற்குப் பிணை தேவைப்படவில்லை. வட்டி ஆண்டுக்கு 1 சதவீதம். விதிப்படி செலவிட்டால் முழுத் தொகையும் தள்ளுபடியானது. உத்தரவாதம் தந்தது சிறுதொழில் நிர்வாகமான எஸ்பிஏ என்றாலும், விண்ணப்பத்தை வங்கியிடம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் ஒதுக்கப்பட்ட 34,900 கோடி டாலர் 2020 ஏப்ரலில் இரண்டு வாரத்துக்குள் தீர்ந்துவிட்டதால், கணக்கையும் ஆவணங்களையும் முடித்து வைத்துக்கொண்டே வங்கியை அணுகுவது நல்லதாக இருந்தது.

2019 அல்லது 2020ஆம் ஆண்டின் மொத்தச் சம்பளச் செலவை 12ஆல் வகுத்து, அதனால் கிடைக்கும் மாதச் சராசரியை 2.5ஆல் பெருக்கினால் கடன் தொகை கிடைத்தது. ஒரு சிறிய உணவகத்தில் ஆண்டுக்கு 32,000 டாலர் வாங்கும் ஐந்து பேரும், 1,20,000 டாலர் வாங்கும் மேலாளர் ஒருவரும் இருப்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு 1,00,000 டாலர்தான் உச்சவரம்பாக இருந்ததால் சம்பளம் 2,60,000 டாலர் ஆகிறது. முதலாளி கட்டும் மருத்துவக் காப்பீடும் மாநில வேலையின்மை வரியுமாக 16,000 டாலரைச் சேர்த்தால் 2,76,000. மாதச் சராசரி 23,000. கடன் 57,500 டாலர். முதலாளியின் பங்காகக் கட்டும் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகளை இதில் சேர்க்க அனுமதிக்கப்படவில்லை. ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுத்த தொகையும் சேரவில்லை. அவர்கள் தங்கள் பெயரில் தனியாக விண்ணப்பிக்க முடிந்தது. வங்கி முதலில் கேட்டது 941ஆம் எண் காலாண்டு வரிப் படிவங்களைத்தான்.

ஏற்கெனவே ஒருமுறை கடன் பெற்றவர்கள் இரண்டாம் முறையும் பெற முடிந்தது. பணியாளர்கள் 300 பேருக்கு மிகாமலும், 2020இன் ஏதேனும் ஒரு காலாண்டில் வருவாய் 2019இன் அதே காலாண்டைவிட 25 சதவீதமாவது குறைந்தும் இருக்க வேண்டியிருந்தது. உணவகங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் இரண்டாம் முறை 3.5ஆல் பெருக்க முடிந்ததால் மேற்சொன்ன உணவகத்துக்கு 80,500 டாலர் வரை கிடைத்திருக்கும்.

பலர் கவனிக்கத் தவறியது தள்ளுபடி விதிகளைத்தான். பணம் வந்த நாளிலிருந்து 8 முதல் 24 வாரம் வரை கடன் பெற்றவரே தேர்ந்தெடுத்த காலத்துக்குள், தள்ளுபடி கேட்கும் தொகையில் குறைந்தது 60 சதவீதம் சம்பளத்துக்குப் போயிருக்க வேண்டியிருந்தது; மிச்சத்தை வாடகை, மின்கட்டணம் போன்றவற்றுக்குச் செலவிட முடிந்தது. 57,500 டாலரில் 30,000 மட்டுமே சம்பளமாகக் கொடுத்திருந்தால் அதிகபட்சம் 50,000தான் தள்ளுபடியாகியிருக்கும். மீதி 7,500ஐ வட்டியோடு கட்ட வேண்டியிருந்திருக்கும். கடன் 50,000 டாலருக்கு மேல் என்றால், ஆட்களைக் குறைத்தாலோ ஒருவரின் சம்பளத்தை 25 சதவீதத்துக்கு மேல் வெட்டினாலோ தள்ளுபடியும் குறைய வாய்ப்பிருந்தது. ஆகவே இந்தப் பணத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்கி, சம்பளத்தை அதிலிருந்து மட்டும் கொடுப்பதே சிறந்ததாக இருந்தது என்பது என் உறுதியான கருத்து.

தள்ளுபடி தானாக வரவில்லை. அதற்கும் வங்கியிடம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கடன் 1,50,000 டாலருக்கு மிகாதவர்களுக்கு 3508எஸ் என்ற சுருக்கமான படிவம் இருந்தது. தேர்ந்தெடுத்த காலம் முடிந்து 10 மாதத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால் தவணை கட்டத் தொடங்க வேண்டியிருந்தது.